இரண்டாவது கிளாஸ்: ஹோலி நாளில் ஒரு தில்லி வீட்டுத் தண்டாய் (நிகழ்வு ஆய்வு)

கஞ்சா என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது போலீஸும் கைவிலங்கும்தான். வட இந்தியாவில் சிவராத்திரியிலிருந்து ஹோலி வரை அதே செடியின் இலை, பாங் என்ற பெயரில், தண்டாய் எனும் பால் பானத்தில் கலந்து, வெளிப்படையாக, பல வீடுகளில் புழங்குகிறது. அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் இதைப் பக்கத்து வீட்டில் பார்க்கின்றன, ஒரு வருடம் ருசி பார்க்கின்றன, அடுத்த வருடம் தாங்களே கலக்குகின்றன. ஒன்றை மட்டும் அக்கம்பக்கத்தில் யாரும் சொல்லித் தருவதில்லை. குடித்தால் வேலை செய்ய எவ்வளவு நேரமாகும், ஒரு கிளாஸில் எவ்வளவு இருக்கிறது என்பதுதான் அது.

கீழே வருவது ஒரே வீட்டில் நடந்தது அல்ல. இத்தகைய நாட்களில் திரும்பத் திரும்ப நேரும் தவறுகளை ஒரே வீட்டில் வைத்துக் கோத்த மாதிரி நிகழ்வு. உடலில் நடப்பதும் சட்டம் சொல்வதும் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

வீடும் பாத்திரமும்

இடம், மயூர் விஹாரில் மூன்றாம் மாடி. பெரியவர்கள் ஒன்பது பேர், குழந்தைகள் மூன்று பேர். வீட்டுக்காரருக்கு 38 வயது. அவருடைய மைத்துனருக்கு 29. சிவராத்திரிக்குக் காசிக்குப் போய்வந்தவர், அங்கே அரசு உரிமம் பெற்ற கடையில் ஆறு பாங் உருண்டைகள் வாங்கி வந்திருந்தார். வீட்டுக்காரரின் தாயாருக்கு 64 வயது. ரத்தக் கொதிப்புக்குத் தினமும் காலையில் அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை போடுபவர்.

தண்டாய் நன்றாகவே செய்திருந்தார்கள். பாதாம், கசகசா, சோம்பு, மிளகு, ஏலக்காய், முலாம்பழ விதை எல்லாம் இரவே ஊறவைத்து, காலையில் விழுதாக அரைத்து, சர்க்கரையும் குங்குமப்பூவும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்த கொழுப்புப் பாலில் கரைத்தார்கள். மொத்தம் இரண்டரை லிட்டர், 200 மி.லி. கிளாஸில் பன்னிரண்டு. ஆறு உருண்டைகளையும் வெதுவெதுப்பான பாலில் கரைத்து, வடிகட்டாமல் அப்படியே பானைக்குள் ஊற்றினார்கள். கிளாஸுக்கு அரை உருண்டை என்பது அவர்கள் போட்ட கணக்கு.

இந்தக் கணக்கு இரண்டு இடத்தில் உடைந்தது.

உருண்டைகள் ஒரே எடையில் இல்லை. கையால் உருட்டுவதால் ஒன்று 7 கிராம், இன்னொன்று 12 கிராம் என்று இருந்தது. ஆறும் சேர்ந்து 54 கிராம். எடையாவது தராசில் தெரியும். இலையில் எவ்வளவு டி.எச்.சி. (கஞ்சாச் செடியில் போதைக்குக் காரணமான பொருள்) இருக்கிறது என்பது தராசிலும் தெரியாது. எந்த வயலின் இலை, எவ்வளவு முற்றியது, அரைப்பதற்கு முன் வேகவைத்தார்களா, நெய்யில் வதக்கினார்களா என்பதைப் பொறுத்து அது மாறும். பச்சை இலையில் டி.எச்.சி. பெரும்பாலும் அமில வடிவத்தில் இருக்கிறது. சூடுபட்டால்தான் போதை தரும் வடிவத்துக்கு மாறும். போன வருடம் ஒரு உருண்டை தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் சொன்னால், அது அந்த உருண்டையைப் பற்றிய செய்தி மட்டுமே.

இரண்டாவது, வண்டல். டி.எச்.சி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில்தான் கரையும். அரைத்த இலைத் தூள் மெல்ல அடியில் போய்த் தங்கும். பானையை மேசைமேல் வைத்தது 10:15-க்கு. அதற்குப் பிறகு யாரும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கவில்லை. முதலில் மொண்டவர்களுக்கு மேல்பால் கிடைத்தது. கடைசியில் மொண்டவர்களுக்குப் பச்சை நிறக் குழம்பு மாதிரி அடிப்பால்.

நேர வரிசை

10:20. மைத்துனர் ஒரு பாட்டில் பீர் குடிக்கிறார். காலையில் வேறெதுவும் சாப்பிடவில்லை.

10:40. தண்டாய், முதல் கிளாஸ். வீட்டுக்காரரும் ஒரு கிளாஸ்.

11:20. "அத்தான், ஒண்ணுமே ஆகலையே. காசியில ஏமாத்திட்டானா?" என்று கேட்டுவிட்டு மைத்துனர் இரண்டாவது கிளாஸ் மொள்ளுகிறார். வீட்டுக்காரர் தடுக்கவில்லை. அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

11:30. வண்ணம் விளையாடிக் களைத்து வந்த தாயார், மேசையில் இருந்த எவர்சில்வர் பானையிலிருந்து அரை கிளாஸ் ஊற்றிக் குடிக்கிறார். குழந்தைகளுக்கான வெறும் தண்டாய் பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு எவர்சில்வர் பானையில் இருந்தது. இரண்டின்மேலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. அவர் மொண்டது அடிப்பால்.

12:15. வீட்டுக்காரருக்கு வாய் உலர்கிறது, சிரிப்பு வருகிறது. மைத்துனர் பேச்சை நடுவில் மறக்கிறார்.

12:45. "ஏம்மா, கால் பஞ்சு மாதிரி இருக்கு" என்று மருமகளிடம் சொல்லியபடி தாயார் நாற்காலியிலிருந்து எழுந்தார். இரண்டடி வைப்பதற்குள் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். தலையில் அடிபடவில்லை. "அத்தை, என்ன செய்யுது, சொல்லுங்க" என்று கேட்டதற்குப் பதில் வர நேரமானது. வீட்டில் இருந்த கருவியில் ரத்த அழுத்தம் 92/58, நாடி 118. அவருக்கு வழக்கமாக 130/80.

12:50. மைத்துனர் இரண்டு முறை வாந்தி. நெஞ்சு படபடக்கிறது, செத்துப்போய்விடுவேன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். நாடி 136.

ஏன் இப்படி ஆனது

புகையாக இழுத்தால் டி.எச்.சி. நுரையீரல் வழியே சில நிமிடங்களில் மூளைக்குப் போகும். பாலில் குடித்தால் வயிறு, குடல், அதன் பிறகு கல்லீரல் என்று சுற்றிப் போக வேண்டும். கல்லீரல் அதன் ஒரு பகுதியை 11-ஹைட்ராக்சி டி.எச்.சி. என்ற பொருளாக மாற்றுகிறது. அதுவும் மூளையில் வலுவாக வேலை செய்யும் பொருள். அதனால்தான் குடித்த போதை தாமதமாக வருகிறது, கனமாக வருகிறது, விட்டுப்போகவும் மாட்டேன் என்கிறது. தொடங்குவதற்கு அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்; உச்சிக்குப் போக நான்கு மணி நேரம் வரைகூட ஆகலாம்; அடங்க பன்னிரண்டு மணி நேரம் வரை. மந்தம் மறுநாளும் தொடரலாம்.

நாற்பதாவது நிமிடத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று மைத்துனர் சொன்னது உண்மைதான். அந்த நேரத்தில் எதுவும் ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் கிளாஸ் குடலில் இருக்கும்போதே இரண்டாவதும் அதன்மேல் ஏறியது. பாங் குடித்து அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தால் இந்தத் தவறுதான் அடிக்கடி கிடைக்கும். கூடவே பீர். மதுவும் டி.எச்.சி.யும் சேரும்போது ரத்தத்தில் டி.எச்.சி. அளவு கூடுகிறது, தலைசுற்றலும் வாந்தியும் கூடுகின்றன. விருந்தில் இரண்டையும் ஒரே மேசையில் வைப்பதே தவறு.

தாயாருக்கு நடந்தது வேறு. டி.எச்.சி. நாடியை வேகப்படுத்தும், அதே நேரம் எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும். அவர் காலையில் போட்ட மாத்திரையும் ரத்தக் குழாய்களை விரிப்பதே. வெயிலில் ஆடியதில் உடலில் நீரும் குறைந்திருந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தன. இந்த வயதில் போதையைவிட விழுவதற்குத்தான் பயப்பட வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்தால் மிச்ச வாழ்நாளே மாறிப்போகும்.

அவர் கேட்டுக் குடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தெரியாமல் ஒருவருக்குப் போதைப்பொருள் போய்ச்சேர்ந்தால் அவர் உடம்பில் நடப்பது அவருக்குப் புரியாது. பக்கவாதமோ மாரடைப்போ என்று பயப்படுவார், அந்தப் பயம் நாடியை மேலும் ஏற்றும். விளையாட்டுக்காக ஒருவர் கிளாஸில் சொல்லாமல் கலப்பதை ஹோலிக் குறும்பு என்று சிரித்துவிட்டுப் போகக் கூடாது.

வீட்டில் செய்ததில் சரியும் தவறும்

மருமகள் தண்டாயைத் தொடவே இல்லை. அன்று அந்த வீடு தப்பியதற்கு அது முக்கியக் காரணம். தாயாரை அங்கேயே தரையில் படுக்கவைத்து, கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்தார். தனியாகக் கழிவறைக்குப் போக விடவில்லை. முழு நினைவோடு இருந்ததால் வாய் வாயாகத் தண்ணீர் கொடுத்தார். இவை எல்லாம் சரி.

மற்றவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். எலுமிச்சைச் சாறு கொடு, ஊறுகாயை நக்கச் சொல், மோர் கொடு, தலையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்று, தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வை. பாங் போதைக்கு மாற்று மருந்து என்று நிரூபணமானது எதுவும் இல்லை. மோரும் எலுமிச்சையும் தெளிவாக இருப்பவருக்குக் கெடுதல் செய்யாது, அவ்வளவுதான். வாந்தி எடுக்கவைப்பது ஆபத்து. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு வாந்தி மூச்சுக்குழாயில் போகும். குடித்து ஒரு மணி நேரம் தாண்டியபின் அதனால் பெரிய பயனும் இல்லை. தலை சுற்றுகிறவரைக் குளியலறைக்குள் அனுப்புவது வழுக்கி விழச் சொல்வதற்குச் சமம்.

மைத்துனரை என்ன செய்வது? அறையில் விளக்கைக் குறைத்து, பாட்டை நிறுத்தி, கூட்டத்தை வெளியே அனுப்பி, ஒரே ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். "மாப்ள, இது பாங் வேலை. கொஞ்சம் கொஞ்சமா இறங்கிடும். நான் இங்கதான் இருக்கேன்" என்று அதே வார்த்தைகளைத் திரும்பத் திரும்பச் சொல்வது உதவும். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாந்தி வந்தாலும் மூச்சு அடைக்காது. நெஞ்சுவலி, மயக்கம், வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம், தன்னையோ பிறரையோ தாக்கும் நிலை, அடங்காத வாந்தி இவற்றில் ஏதாவது வந்தால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. குழந்தை ஒரு வாய் குடித்திருந்தாலும் அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரியவரைத் தள்ளாட வைக்கும் அளவு குழந்தையின் மூச்சையே மந்தமாக்கும்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாங்கில் ஊமத்தை விதையைக் கலக்கும் பழக்கம் பழைய காலத்திலிருந்தே உண்டு. பாங்கால் கண் சிவக்கும். ஊமத்தை என்றால் கருவிழியின் பாப்பா பெரிதாக விரிந்திருக்கும், தோல் காய்ந்து சுடும், சிறுநீர் வராது, இல்லாத ஆட்களோடு பேசுவார்கள். இது முற்றிலும் வேறு நஞ்சு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியது. ஹோலிப் பொடி பட்டும் கண் சிவக்கும் என்பதால் கண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது.

1:05-க்கு மருமகள் தில்லி எய்ம்ஸின் தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு, 1800 116 117 என்ற கட்டணமில்லா எண்ணில், பேசினார். வயது, என்ன குடித்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு, என்னென்ன மாத்திரை, இப்போதைய நாடியும் அழுத்தமும் என்று வரிசையாகச் சொன்னார். தாயாரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் கார் சாவியை எடுத்தார். ஒரு கிளாஸ் குடித்திருந்தவர் அவர். கீழ்வீட்டில் குடிக்காமல் இருந்த ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு ஓட்டினார். யாருமில்லை என்றால் 112-ஐ அழைக்க வேண்டும். வாகனத்தைக் கட்டுப்படுத்த முடியாத அளவு போதைப்பொருளின் தாக்கத்தில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 185-இன் கீழ் குற்றம்: முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, ரூ. 10,000 அபராதம் அல்லது இரண்டும். வாங்கியது உரிமக் கடையிலா என்று அந்தப் பிரிவு கேட்காது.

மருத்துவமனை வாசலில் ஒரு பத்து நிமிடம் வீணானது. "பாங்னு சொல்லிடாதீங்க, போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று கூட வந்த உறவினர் தடுத்தார். 64 வயதுக்காரர் திடீரென்று தள்ளாடி, பேச்சு மந்தமாகி வந்தால் மருத்துவர் முதலில் பக்கவாதத்தைத்தான் சந்தேகிப்பார், அதற்கான ஸ்கேனுக்கு அனுப்புவார். மறைத்தால் தவறான பாதையில் ஒரு மணி நேரம் போகும், தேவையற்ற மருந்து ஏறும். மருமகள் உள்ளதைச் சொன்னார். ஈ.சி.ஜி., சர்க்கரை அளவு, நரம்பு வழியே திரவம், ஆறு மணி நேரக் கண்காணிப்பு. பாங்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் ஈ.சி.ஜி. எடுத்தது சரியே. இந்த வயதில் இதயம் வேகமாக அடிப்பதும் அழுத்தம் இறங்குவதும் உறங்கிக் கிடந்த நோயை வெளியே கொண்டுவரும். இரவு எட்டரைக்கு வீடு திரும்பினார். மறுநாள் காலை மாத்திரையை, அழுத்தத்தை அளந்து மருத்துவரிடம் கேட்ட பிறகே போட்டார்.

"சட்டப்படி சரி" என்பது எதுவரை

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், பிரிவு 2(iii)-இல், கஞ்சா என்பது செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகள் என்று வரையறுக்கிறது. நுனிகள் சேராத இலையும் விதையும் அதில் அடங்காது. பாங் அந்த இடைவெளியில் நிற்கிறது. ஆனால் இடைவெளி என்பது திறந்த வாசல் அல்ல. இலையை யார் விற்கலாம், யார் வைத்திருக்கலாம் என்பதை அந்தந்த மாநில ஆயத்தீர்வைச் சட்டம் தீர்மானிக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் அரசு உரிமம் பெற்ற கடைகள் உண்டு. அந்த உரிமம் உத்தரப் பிரதேசத்துக்கு மட்டுமே. எல்லை தாண்டி தில்லிக்குள் வந்தால் தில்லியின் விதி. மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டம் பாங்கையும் பிடிக்கும். காசியில் வாங்கிய ரசீது இங்கே காப்பாற்றும் என்ற மைத்துனரின் நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

உருண்டையில் பூ நுனி கலந்திருந்தால் அது கஞ்சா. ஒரு கிலோ வரை "சிறிய அளவு". அதற்கே ஓராண்டு வரை கடுங்காவல், ரூ. 10,000 வரை அபராதம் அல்லது இரண்டும். பார்த்துச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லும். 2022 ஜூனில் பெங்களூருவில் 29 கிலோ பாங்குடன் பிடிபட்ட ஒருவருக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது ஆகஸ்டில். பாங் அந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று காட்ட எதுவும் இல்லை என்றது நீதிமன்றம். அதுவரை அவர் சிறையில்தான் இருந்தார்.

ஆயுர்வேத மருந்தாக விற்கும் விஜயா (ஆயுர்வேதத்தில் பாங்கின் பெயர்) தயாரிப்புகள் வேறு கணக்கு. மருந்துச் சட்ட விதிகளின் அட்டவணை ஈ(1) பாங்கை நச்சுப் பொருள் பட்டியலில் வைத்திருக்கிறது. மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டும். அந்தச் சீட்டு ஒருவருக்கானது, விருந்தாளிகளுக்கு ஊற்றித் தருவதற்கு அல்ல.

இதே நாளை எப்படி நடத்தியிருக்கலாம்

சட்டம் இடம் தரும் ஊரில், தெரிந்தே குடிக்க விரும்பும் பெரியவர்களுக்கு மட்டும் இது.

பானையில் பாங் கலக்கவே கூடாது. பானை முழுக்க வெறும் தண்டாய், எல்லோரும் குடிக்கலாம். பாங்கைத் தனியாக, ஒரு சின்ன மூடி பாட்டிலில் செய்ய வேண்டும். ஒரு உருண்டையை எடைபோட்டு, 100 மி.லி. வெதுவெதுப்பான கொழுப்புப் பாலில் நன்றாகக் கரைத்து, மெல்லிய துணியில் பிழிந்து வடிகட்டி, மறுபடி 100 மி.லி. ஆக்கிக்கொள்ள வேண்டும். இப்போது 10 மி.லி. என்றால் உருண்டையில் பத்தில் ஒரு பங்கு. இருமல் மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடி இதற்குப் போதும். புதிய உருண்டை என்றால், யாராக இருந்தாலும் அந்த 10 மி.லி.தான். அதற்கும் எத்தனை மில்லிகிராம் என்று தெரியாது. கனடா அரசு புதியவர்களுக்கு 2.5 மி.கி. டி.எச்.சி.யோ அதற்கும் குறைவாகவோ தொடங்கச் சொல்கிறது. அங்கே பொட்டலத்தில் அச்சிட்ட எண் இருக்கிறது, நம் உருண்டையில் இல்லை. அதனால் குறைவாக எடுப்பதைத் தவிர வேறு பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கி, நேராக அவரவர் கிளாஸில் ஊற்ற வேண்டும். பாங் கிளாஸுக்கு மட்டும் வேறு நிறம், கிளாஸ்மேல் பெயரும் ஊற்றிய நேரமும். அன்று இரண்டாவது ஊற்றல் கிடையாது. இரண்டு மணி நேரம் கழித்து இன்னும் கொஞ்சம் என்று தொடங்கினால் முதல் ஊற்றலின் உச்சியில் போய் நிற்கும்.

இட்லியோ உப்புமாவோ சாப்பிட்ட பிறகுதான் குடிக்க வேண்டும். நெய் சொட்டும் மால்புவாவைக் கூடவே வைக்க வேண்டாம், கொழுப்பு மிகுந்தால் டி.எச்.சி. அதிகமாக உறிஞ்சப்படும். மது அன்று வேண்டாம். கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், இதய நோயாளிகள், தமக்கோ நெருங்கிய உறவுக்கோ மனச்சிதைவு வந்திருப்பவர்கள், தூக்க மாத்திரையோ வார்ஃபாரினோ எடுப்பவர்கள், இளம் வயதினர் இவர்களுக்கு ஒரு சொட்டும் கூடாது. வீட்டில் ஒரு பெரியவர் முழு நாளும் குடிக்காமல் இருக்க வேண்டும். எல்லா வண்டிச் சாவியும் பாட்டிலும் அவர் கையில். குடித்தவர்கள் மறுநாள் வரை வண்டியைத் தொடக் கூடாது. பண்டிகை முடிந்தும் தினமும் வேண்டும் போலிருந்தால் 14446 என்ற அரசு உதவி எண்ணில் பேசலாம்.

மிச்சம்

அன்று இரவு பானையில் எஞ்சிய அடிப்பாலை யாரோ ஒரு தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைத்துவிட்டார். மறுநாள் காலை எட்டு வயதுக் குழந்தை கதவைத் திறந்து, "அம்மா, பாதாம் பால் இருக்கு, எடுத்துக்கவா?" என்று கேட்டது. கேட்டதால் தெரிந்தது. மருமகள் அதைக் கழிவறையில் ஊற்றினார். கொழுப்பில் ஒட்டிக்கொள்வது வெறும் தண்ணீருக்குப் போகாது என்பதால் பாட்டிலையும் பானையையும் கரண்டியையும் சோப்பு போட்டு மூன்று முறை தேய்த்தார். கிண்ணத்தில் வழித்து வைத்திருந்த இலை வண்டலைத் தெருக் குப்பையில் போட்டால் நாயும் மாடும் தின்னும். அதைக் காபித் தூள் சக்கையோடு பிசைந்து, இரண்டு உறையில் கட்டி, குப்பை வண்டிக்காரர் வந்தபோது அவரிடமே சொல்லிக் கொடுத்தார்.